வேடிக்கை காட்ட வேண்டாம், வேலை கொடுங்கள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள் நம் வகுப்பில் நடக்கும் பேச்சைத் தோழியர் அனைவரும் அறிவர். பாதிப்பேர் வேளாங்கண்ணி போய் வந்திருப்போம். மீதிப்பேர் சொந்த ஊர் போய் வந்திருப்போம். கோயிலைப் பற்றிப் பேசுவோம், கடலைப் பற்றிப் பேசுவோம், அத்தை வீட்டு மீன் குழம்பைப் பற்றிக்கூடப் பேசுவோம். போன வழியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் காரில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த நேரம் எங்கே போயிற்று? கேட்டால், "தூங்கிட்டேன்" என்பார்கள், அல்லது "படம் பார்த்தேன்" என்பார்கள். இதைப் பற்றித்தான் எனக்குச் சில எண்ணங்கள் உண்டு. அவற்றைப் பெரியவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஆண்டு மலரில் எழுதுகிறேன். ஏனென்றால் ஆண்டு மலரைப் பிள்ளைகளைவிட அம்மாக்களே அதிகம் படிக்கிறார்கள்.

சென்ற ஆண்டு மே மாதம் நாங்கள் ஆவடியிலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். சித்தப்பாவின் பெரிய காரை அப்பா ஓட்டினார். முன்னால் பாட்டி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி. நடுவரிசையில் ஒரு சன்னலோரம் அம்மா, மறு சன்னலோரம் ஆறு வயதுத் தம்பி, இருவருக்கும் நடுவில் நான். பின்வரிசையில் பெட்டிகளோடு பெட்டியாக ஒன்பது வயதுத் தங்கை. விடியற்காலை நான்கரை மணிக்கு வண்டி கிளம்பியது. அம்மா இரண்டு மணிக்கே எழுந்து இட்லி அவித்து மிளகாய்ப்பொடி தடவி, புளிசோறு கிளறிக் கட்டி வைத்திருந்ததால், பூந்தமல்லி தாண்டி வெளிவட்டச் சாலையில் ஏறுவதற்குள் தூங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண் மூடுவதற்கு முன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "பெரியவளே, சின்னவங்களைப் பார்த்துக்கோ." அந்த வார்த்தையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சின்னவனைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி எல்லோருக்கும் தெரிந்த வழிதான். அம்மாவின் செல்போனை எடுத்துக் கையில் கொடுத்தேன். வண்டலூர் வரை சத்தமே இல்லை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி வந்தது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ஏரி முழுதும் தகடு போலப் பளபளத்தது. "தம்பி, பாருடா" என்றேன். தலை நிமிரவில்லை. பாலாற்றுப் பாலம் வந்தது, நிமிரவில்லை. மதுராந்தகம் நெருங்கும்போது தானாகவே நிமிர்ந்தான். முகம் வெளிறியிருந்தது. நான் பையைத் தேடுவதற்குள் என் பாவாடை மேலும் செல்போன் மேலும் வாந்தி எடுத்துவிட்டான்.

இதற்குக் காரணம் நம் அறிவியல் பாடத்திலேயே ஒளிந்திருக்கிறது. நம் உட்காதில் சமநிலை அறியும் உறுப்பு இருக்கிறது. வண்டி வளைவதையும் குலுங்குவதையும் அது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ணோ கையிலிருக்கும் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதால், "எதுவும் அசையவில்லை" என்று சொல்லும். இரண்டு சாட்சிகள் முரணாகப் பேசினால் நீதிபதிக்கு எப்படி இருக்கும்? மூளைக்கும் அப்படியே. அந்தக் குழப்பந்தான் தலைசுற்றலாகவும் வாந்தியாகவும் வருகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. அதன் பிறகு பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். வண்டி ஓட்டுபவருக்கு வருவது மிக அரிது, சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! புத்தகம் படித்தாலும் இதே கதிதான். ஆகையால் "செல்போனுக்குப் பதில் கதைப்புத்தகம் கொடுங்கள்" என்று மேடையில் சொல்பவர்கள் ஓடும் காரில் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். தொலைவில் உள்ள மரத்தையோ மலையையோ பார்த்துக்கொண்டு வந்தால் தலைசுற்றல் குறைகிறது. பாட்டி எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுத்தார்கள். அதனால் சரியாயிற்றா, கண்ணாடியை இறக்கியதால் சரியாயிற்றா, நான் அறியேன்.

செல்போனை நான் பழிக்கவில்லை. நானே அதை விரும்புகிறவள்தான். விடுமுறை நாளில் சுங்கச் சாவடிக்கு முன் ஒரு மணி நேரம் வண்டிகள் நகராமல் நின்றால், ஆறு வயதுப் பிள்ளை என்னதான் செய்யும்? நிற்கும் வண்டியில் சற்று நேரம் படம் பார்த்தால் குடிமுழுகிப் போகாது. என் குறை வேறு. பிள்ளைகளுக்குச் செல்போன் கொடுப்பது பிள்ளைகள் கேட்பதால் அல்ல. பெரியவர்களுக்கு அமைதி வேண்டியிருப்பதால். செல்போன் வராத காலத்தில் மிட்டாய் கொடுத்தார்கள், அல்லது முதுகில் இரண்டு வைத்தார்கள். நோக்கம் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழியும் உண்டு. சொன்னால் சிஸ்டர் கோபிக்கக் கூடாது. கார் புறப்பட்டதும் செபமாலை சொல்வது நம் குடும்பங்களின் நல்ல வழக்கம். ஐந்து பத்து மணிகளும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அது எனக்குப் பிடிக்கும். இருட்டில் பாட்டியின் குரல் முன்னால் போக, நாங்கள் பின்னால் பதில் சொல்லிக்கொண்டு வருவது மிகவும் பிடிக்கும். ஆனால் நடுவழியில் தம்பியும் தங்கையும் சண்டையிட்டால், "சத்தம் போட்டா இன்னொரு செபமாலை!" என்று அப்பா மிரட்டுவார். அதைக் கேட்டதும் இருவரும் கப்சிப். இது சரியா? மாதாவைப் பார்க்கப் போகிற வழியில் மாதாவின் செபத்தையே தண்டனையாக்கினால், பிள்ளைகள் மனத்தில் என்ன பதியும்? அப்பாவிடமே இதைக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் ஓட்டினார். அதன் பிறகு அப்படி மிரட்டவில்லை.

அப்படியானால் பிள்ளைகளை என்ன செய்வது? "சாலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு வா" என்பதும் பெரிய தண்டனைதான். பனை மரம், பனை மரம், புளிய மரம், பனை மரம். எத்தனை நேரம் பார்ப்பது? என் பதில் இந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. வேடிக்கை காட்டாதீர்கள், வேலை கொடுங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் பாயுமே என்று சிரிக்க வேண்டாம். உலகில் நடந்த முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமே பிள்ளைகள் வேலை செய்த பயணந்தான்.

அது நடந்தது 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனி நாட்டில். மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவருக்குத் தெரியாமல் விடியற்காலையில் அவருடைய மூன்று சக்கர வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, மன்ஹைம் நகரிலிருந்து தம் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அதுவரை அந்த வண்டி அவ்வளவு தொலைவு போனதே இல்லை. உடன் சென்றவர்கள் அவருடைய பிள்ளைகள் ஆய்கனும் ரிச்சர்டும். மூத்தவனுக்கு என் வயது, பதினைந்து, இளையவனுக்குப் பதின்மூன்று. மேட்டில் வண்டி ஏறாதபோது இறங்கித் தள்ளினார்கள். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார்கள். குழாய் அடைத்துக்கொண்டபோது அம்மையார் தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டைகள் தேய்ந்துபோய், செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். மாலையில் பாட்டி வீடு போய்ச் சேர்ந்தார்கள். "அம்மா, போர் அடிக்குது" என்று அந்தப் பையன்கள் ஒரு முறையாவது சொல்லியிருப்பார்களா? இன்றைய காரைத் தள்ள வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் வண்டியில் செய்வதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

அச்சிறுபாக்கத்தில் மழை மலை மாதா அருள்தலத்தில் நிறுத்தி, பாவாடையைக் கழுவி, இட்லி சாப்பிட்டோம். அங்கேதான் நான் வேலைகளைப் பங்கிட்டேன். தம்பி வண்டி எண் பார்ப்பவன். தங்கை கணக்குப்பிள்ளை: எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்டினோம் என்று நாற்பது பக்க நோட்டில் எழுத வேண்டும். வழியில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் அதில் வர வேண்டும். நான் நடுவர்.

வண்டி எண் பார்ப்பது சின்ன வேலை போலத் தோன்றும். ஆனால் அதில் ஒரு பூகோளப் பாடமே இருக்கிறது. டி.என். 12 என்றால் பூந்தமல்லி, டி.என். 13 என்றால் அம்பத்தூர், டி.என். 20 என்றால் திருவள்ளூர். இவை நமக்கு வீட்டு வாசலிலேயே தெரிபவை. வண்டி தெற்கே போகப் போக இந்த எண்கள் குறைந்து புது எண்கள் வரும். செங்கல்பட்டுக்கு 19, திண்டிவனத்துக்கு 16, கடலூருக்கு 31, நாகப்பட்டினத்துக்கு 51. எண்ணுக்குப் பிறகு வரும் எழுத்துகள் 'என்' என்று முடிந்தால் அது அரசுப் பேருந்து. 'ஜி' என்று முடிந்தால் அரசு அலுவலக வண்டி. வெள்ளைத் தகடு சொந்த வண்டிக்கு, மஞ்சள் தகடு வாடகை வண்டிக்கு, பச்சைத் தகடு மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கு. இவை எதிலும் சேராமல், மேல்நோக்கிய அம்புக்குறியோடு ஒரு தகடு வந்தால் அது ராணுவ வண்டி. ஆவடிப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1961இல் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது முதல் நம் ஊர்ச் சாலைகளில் அம்புக்குறி வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. தம்பி அம்புக்குறிக்குப் பத்துப் புள்ளி வேண்டும் என்று பேரம் பேசினான். கொடுத்தேன். திண்டிவனத்துக்குத் தெற்கே ஒன்றுகூட வராததால் ஏமாந்து போனான்.

இந்த விளையாட்டில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. புதுச்சேரியை ஒட்டிச் செல்லும்போது பி.ஒய். 01 என்ற எண்கள் நிறைய வந்தன. பிறகு கடலூர் வந்ததும் மறைந்தன. சீர்காழியைத் தாண்டி, டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டிய தரங்கம்பாடியையும் தாண்டியதும், தம்பி கத்தினான்: "அக்கா! மறுபடியும் பி.ஒய்.! வழி தப்பிட்டோம், திரும்பப் புதுச்சேரிக்கே வந்துட்டோம்!" வந்தது பி.ஒய். 02, காரைக்கால். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை ஆண்ட நான்கு ஊர்கள் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வேறு வேறு இடங்களில் இருந்தாலும் ஒரே ஆட்சிப் பகுதி என்று விளக்கினார். மாகி கேரளத்துக்குள்ளும் ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் இருப்பதைக் கேட்டு, "அங்கேயும் பி.ஒய்.தானா?" என்றான் தம்பி. சமூக அறிவியல் தேர்வில் இதை எழுதத் தடுமாறிய அக்காமார் நம் பள்ளியில் உண்டு. ஆறு வயதுப் பையன் வண்டித் தகட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

மைல்கற்களின் நிறமும் இப்படித்தான். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சாக இருந்தால் கிராமச் சாலை. ஆறுகளையும் எண்ணலாம். பாலாறு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், காரைக்காலில் அரசலாறு. பாடத்தில் பெயர் படித்த ஆறுகள் பலவற்றில் மே மாதம் மணல்தான் ஓடுகிறது என்பதையும் பிள்ளைகள் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.

எல்லோரும் சேர்ந்து விளையாட வேண்டுமானால் சொல் விளையாட்டுக்கு நிகர் இல்லை. பாட்டுக்குப் பாட்டு எல்லோர் வீட்டிலும் உண்டு. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது நடத்திய காலம் முதல் அது தமிழ்க் குடும்பங்களின் சொத்து. ஆனால் எங்கள் அப்பாவின் பாட்டைக் கேட்டால் வண்டியே நின்றுவிடும் என்பதால் நாங்கள் சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் ஒரு சொல் தொடங்க வேண்டும். கேட்க எளிது. ஆடிப் பார்த்தால் நன்னூல் குறுக்கே வந்து நிற்கும். தமிழில் சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்துகள் 22 என்று இலக்கணத்தில் படிக்கிறோம். பன்னிரண்டு உயிரும், மெய்யில் பத்தின் வரிசையுமே அவை. மற்ற எட்டு மெய்கள், அதாவது ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை, தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. ஆனால் முடிவில் மட்டும் தாராளமாக வரும்! 'கடல்' என்றால் அடுத்தவர் தொலைந்தார். 'மான்' என்றால் தொலைந்தார். 'தமிழ்' என்றே சொன்னாலும் தொலைந்தார். தங்கை இதைக் கண்டுகொண்டு எல்லாச் சொல்லையும் 'ள்', 'ன்' என்றே முடித்து வென்றுகொண்டிருந்தாள்.

அப்போது தம்பி களத்தில் இறங்கினான். நான் 'வீடு' என்றேன், 'டு'வில் யாரும் தொடங்க முடியாது என்ற தைரியத்தில். "ட வரிசையில எதுவும் சொல்லலாமா?" என்றான். "சொல்லேன் பார்ப்போம்" என்றேன். "டயர்" என்றான். தங்கை திகைத்து நிற்க, அவளுக்கும் சேர்த்து அவனே தொடர்ந்தான்: "ரயில். லாரி. ரிக்‌ஷா." முதலில் வரக்கூடாத எழுத்துகளில் வரிசையாக நான்கு வண்டிகள்! "இதெல்லாம் தமிழே இல்லை" என்று தங்கை அழுதாள். "ரயிலைத் தமிழ் இல்லேன்னு சொன்னா, எங்க அப்பா காலமெல்லாம் எதுக்கு வேலை செஞ்சாரு?" என்று பாட்டி முன்னாலிருந்து தீர்ப்புச் சொன்னார்கள். பாட்டியின் அப்பா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். இலக்கணம் தோற்றது, தம்பி வென்றான். தமிழாசிரியை மன்னிக்க வேண்டும்.

விடுகதைகளும் போட்டோம். கேட்டுப் பழகியதைச் சொல்லக் கூடாது, புதிதாகக் கட்ட வேண்டும் என்பது விதி. தங்கை கட்டியது இது: "காசு கொடுக்காவிட்டால் கையை நீட்டி மறிப்பான், கொடுத்தால் கையைத் தூக்கி வழியனுப்புவான்." சுங்கச் சாவடியின் குறுக்குக் கம்பிதான் விடை. அதிலும் இப்போது ஃபாஸ்டாக் வந்துவிட்டதால் காசு கொடுப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று அப்பா பெருமூச்சு விட்டார்.

இந்த இடத்தில் பெரியவர்கள், "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? நாங்களே விளையாடிக்கொண்டோம்" என்பார்கள். அம்மா சிறுமியாக இருந்தபோது மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு மெட்டடார் வேன் வாடகைக்குப் பிடித்து வேளாங்கண்ணி போனார்களாம். இருபது பேருக்குக் குறையாதாம். பலகை போட்டு உட்கார்ந்தார்களாம். பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் யாரும் யாருக்கும் வேடிக்கை காட்ட வேண்டியதில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் கதவோரம் நின்றுகொண்டே வந்தார்கள் என்பதையும் அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஏதும் நேராமல் வந்தது மாதாவின் புண்ணியம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ, குழந்தைகளுக்கான இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம். எனினும் இன்றும் நம் சாலையில் பாதிக் கார்களில் குழந்தை முன்னிருக்கையில் மடியில் உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் போட்டு உட்கார வைத்தால் அழுகிறானாம். அழட்டும். வண்டி எண் பார்க்கும் வேலையை பெல்ட் போட்டுக்கொண்டே செய்யலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்த வேண்டும் என்பதையும் அப்பாக்களுக்குச் சொல்லி வைக்கிறேன். "நிக்காம ஆறரை மணி நேரத்துல வந்துட்டேன்" என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வதற்காகப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரவேண்டுமா? பெண் பிள்ளைகளுக்குச் சுத்தமான இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும் என்பதை இதற்கு மேல் விளக்க எனக்குக் கூச்சமாயிருக்கிறது. அம்மாக்களுக்குப் புரியும். ஆகஸ்டு 29இல் கொடியேறும் திருவிழாவுக்கு, நம் ஊர்களிலிருந்தே காவி உடுத்திக்கொண்டு நடந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். நாட்கணக்கில் நடக்கிறார்கள், அவர்களில் நம் வயதுப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள்கூட நிழல் கண்ட இடத்தில் உட்காருகிறார்கள்.

இப்போது, பின்னால் சொல்கிறேன் என்ற வார்த்தைக்கு வருகிறேன். "பெரியவளே, பார்த்துக்கோ." ஒவ்வொரு வீட்டிலும் மூத்த பெண் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பாள். மூத்தவன் பையனாக இருந்தால் அவன் முன்னிருக்கையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறான். என் சித்தப்பா வீட்டில் அப்படித்தான். மூத்தது பெண்ணானால் நடுவில் உட்கார்ந்து மூக்குத் துடைக்கிறாள். சன்னல் சின்னவர்களுக்கு. பை என் மடியில், தண்ணீர் பாட்டில் என் காலடியில். மேலே நான் எழுதிய விளையாட்டுகள் அனைத்தையும் நடத்தியவள் நான். அதனால் அந்த வழியில் நான் பார்த்தது எது என்று கேட்டால், தம்பியின் உச்சந்தலையைத்தான் சொல்ல வேண்டும். வேலை கொடுங்கள் என்று நான் சொல்வது எல்லோருக்கும் கொடுங்கள் என்றுதான். அம்மா தூங்கி எழுந்த பிறகு ஒரு மணி நேரம் நடுவராக இருக்கலாம். நிறுத்துமிடத்தில் தம்பியை அப்பா கழுவி விடலாம். சன்னலை முறை வைத்து மாற்றிக்கொள்ளலாம். ஊர் திரும்பியதும் இதை வீட்டில் சொன்னேன். "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார்கள் அம்மா. உண்மை. நான் அப்போது சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் ஒன்றைப் பார்த்திருப்பேன். சிதம்பரத்தைத் தாண்டிய பிறகு தம்பி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அம்மாவின் சேலையில் கொட்டிவிட்டான். நான் குனிந்து துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் பாட்டி ஏதோ சொன்னது காதில் விழுந்தது. "அதோ, அதுதான் நான் படிச்ச பள்ளிக்கூடம்" என்றார்கள். நான் நிமிர்வதற்குள் அது போய்விட்டது. "எங்கே பாட்டி?" என்றேன். "போச்சு போ. திரும்பி வர்றப்ப காட்டுறேன்" என்றார்கள். திரும்பி வரும்போது இரவு. எல்லோரும் தூங்கிவிட்டோம், பாட்டி உட்பட.

பாட்டி சென்ற நவம்பரில் இறைவனடி சேர்ந்தார்கள். கேட் கீப்பரின் மகளாதலால் சிறு வயதில் ஊர் ஊராக மாறியவர்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. "ரெண்டு வருஷம் அந்தப் பக்கம் எங்கேயோ இருந்ததாச் சொல்லுவாங்க" என்பதற்கு மேல் அம்மாவிடம் விவரம் இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அலமாரியைத் துடைக்கும்போது தங்கையின் நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. வாந்திக்குப் பிறகு வாங்கிய எலுமிச்சம்பழத்தின் விலைகூட எழுதி வைத்திருக்கிறாள். அதில் ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "10.44 சிதம்பரம் முடிந்தது. 10.52 பாட்டி ஸ்கூல் காட்டினாங்க. மஞ்சள் கட்டடம், பக்கத்தில் அரச மரம். அக்கா பார்க்கல. 10.58 கொள்ளிடம் பாலம்."

மூன்று முறை படித்தேன். பிறகு கணக்குப் போட்டேன். பதினான்கு நிமிட வழியில் எட்டாவது நிமிடம். அப்பா ஒரே வேகத்தில் ஓட்டியிருந்தால், சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலம் வரையுள்ள தூரத்தில் ஏழில் நான்கு பங்கு. பாட்டி முன்னிருக்கையில் இருந்ததால் சாலைக்கு இடப்புறம். ஊர்களைத் தொடாமல் ஒதுங்கிப் போகும் புறவழிச் சாலைகள் இப்போது அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. வரும் மே மாதம் போகும்போது பழைய சாலை வழியாகவே போக வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். சிதம்பரம் தாண்டியதும் வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும் என்றும், அந்தப் பதினான்கு நிமிடமும் தம்பியை அம்மா பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், இடப்பக்கத்துச் சன்னல் எனக்கே என்றும் பேசி முடித்தாயிற்று. நோட்டைத் தங்கை எடுத்து வருகிறாள்.